அசல் சில்லா, மென்பொருள் சில்லா? நம்பகக் கணினிப் பாடத்தை நான்கு வழிகளில் நடத்திப் பார்த்த அலசல்

மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் டி.பி.எம் (டிரஸ்டட் பிளாட்ஃபார்ம் மாட்யூல் என்ற சில்லு) இருக்கிறதா என்று கடையில் கேட்கிறார்கள். 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம் 2.0-ஐ நிபந்தனையாக வைத்ததுதான் காரணம். ஆனால் அந்தச் சில்லு என்ன வேலை செய்கிறது என்று கேட்டால், கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவர்களிடம்கூட "பாதுகாப்புக்காக" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. கும்பகோணத்தில் மூன்று ஆண்டுகளாக அந்தச் சில்லைப் பற்றிய நம்பகக் கணினிப் பாடத்தை நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பொறியியல் மாணவர்கள். மீதிப் பேர் கூட்டுறவுச் சங்கங்களிலும் சிறு நிறுவனங்களிலும் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் மாறி வருகிறவர்களும் உண்டு. அவர்கள் செலவழிக்கும் சனிக்கிழமைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பதிவுப் பாடங்களைப் பார்க்கச் சொல்லலாம். மாணவரின் மடிக்கணினியில் உள்ள சில்லிலேயே பயிற்சி தரலாம். மென்பொருளால் ஆன சில்லைக் கொடுக்கலாம். தனிச் சில்லை வாங்கி ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் பொருத்திக் கையில் தரலாம். நான்கையும் செய்து பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாடத்தின் பெரும்பகுதி மென்பொருள் சில்லில் நடக்க வேண்டும், கடைசி இரண்டு அமர்வுகள் அசல் சில்லில் நடக்க வேண்டும். மாணவரின் சொந்த மடிக்கணினியில் உள்ள சில்லைப் பார்க்கலாம், தொடக்கூடாது.

எந்த வழியில் நடத்தினாலும் பி.சி.ஆர் என்ற பதிவேடு புரியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. கணினி எழும்போது ஓடும் ஒவ்வொரு நிரலும் தனக்கு அடுத்து ஓட வேண்டியதை அளந்து, அதாவது கைரேகை போன்ற ஒரு சுருக்க எண்ணாக்கி, இந்தப் பதிவேடுகளில் பதிகிறது. நம் கணினிகளில் இவை 24 இருக்கின்றன. இதை எனக்கே தெளிவாக்கியவர் முதல் தொகுதியில் இருந்த ஒரு சங்கக் கணக்கர். "பேரேட்டில் பக்கத்தின் தலையில் முன்பக்க இருப்பை எழுதி, அன்றைய வரவைச் சேர்த்து, அடியில் வரும் தொகையை அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்வோமே, அதுதானே இது?" என்று கேட்டார். அதேதான். பழைய மதிப்பையும் புதிய அளவீட்டையும் அடுத்தடுத்து வைத்து எஸ்.எச்.ஏ-256 என்ற சுருக்கக் கணக்குக்குக் கொடுத்தால் வரும் 32 பைட்டுதான் புதிய இருப்பு. ஒரே ஒரு வேறுபாடு. கூட்டலில் வரிசை மாறினால் தொகை மாறாது. இங்கே வரிசை மாறினாலே விடை மாறிவிடும். நடுப்பக்கத்தைக் கிழிக்க வழியில்லை. கணினியை அணைத்து எழுப்பினால்தான் ஏடு வெறுமையிலிருந்து தொடங்கும். அன்றிலிருந்து பேரேட்டை வைத்துத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

பதிவுப் பாடங்களை முதலில் பார்த்துவிடுவோம். ஓப்பன் செக்யூரிட்டி டிரெய்னிங் 2 என்ற தளத்தில் டி.பி.எம் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. பயிற்சிகளோடு ஒழுங்காகக் கட்டப்பட்டவை. பாடம் தயாரிக்கும் எவரும் முதலில் அவற்றை முடித்துவிட்டு எழுத உட்கார வேண்டும். ஆனால் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்து வந்த மாணவர், புதுக் கருத்தையும் அந்நிய உச்சரிப்பையும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டிப் பாதியில் விட்டுவிடுகிறார். அதைவிடப் பெரிய சிக்கல் "டிரஸ்டட்" என்ற சொல். இந்தத் துறையில் அதற்குப் பொருள், எதிர்பார்த்தபடியே நடந்துகொள்ளும் என்பது மட்டும்தான். நல்லது, பாதுகாப்பானது என்று அது சொல்லவில்லை. தமிழில் "நம்பகம்" என்றதும் மனம் நல்லதை நோக்கிப் போய்விடுகிறது. அதைத் திருத்த எதிரில் ஓர் ஆள் வேண்டும். இன்னோர் எச்சரிக்கை: கல்லூரிகளில் கைமாறும் பழைய குறிப்புகள் பல டி.பி.எம் 1.2-ஐப் பற்றியவை. 2.0 விவரக்குறிப்பு 2014-இல் வந்து, 2015-இல் ஐ.எஸ்.ஓ 11889 தரமாகிவிட்டது. பழையதில் எஸ்.எச்.ஏ-1 மட்டுமே உண்டு, கட்டளைகளும் ஒத்துப்போகாது. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சியில் உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தடுமாற்றம்தான்.

மாணவரின் மடிக்கணினி செலவில்லாத வழியாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டாவது தொகுதியில், விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையைத் திறந்து டி.பி.எம் பக்கத்தைப் பாருங்கள் என்றேன். ஒரு மாணவி அங்கிருந்த "அழி" என்ற தெரிவை அழுத்திவிட்டார். கணினி மீண்டும் எழுந்தபோது நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. இன்றைய பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து உள்ளே நுழைந்ததுமே வட்டு தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. அந்தப் பூட்டின் சாவி சில்லுக்குள் இருக்கிறது. மீட்புச் சாவியின் பிரதி அந்த இணையக் கணக்கில் இருக்கிறது. அவர் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது மடிக்கணினி விற்ற கடை. கடவுச்சொல் அவருக்குத் தெரியாது, ஓ.டி.பி கடை ஊழியரின் கைப்பேசிக்குப் போனது. இறுதியாண்டுத் திட்டப்பணி முழுவதும் அந்த வட்டில். இரண்டு நாள் அலைந்து மீட்டோம். முன்கூட்டியே மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்கச் சொல்லாதது என் தவறு. அந்த இரண்டு நாளும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இப்போது முதல் வகுப்பின் முதல் வேலையே அந்த 48 இலக்கத்தை எழுதி வீட்டில் வைப்பதுதான். அதற்குப் பிறகு விண்டோஸில் சில்லின் தயாரிப்பாளர் பெயரைப் பார்க்கிறோம். பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி என்று வரும். அதாவது தனிச் சில்லே இல்லை, செயலியோடு சேர்ந்த ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதித்த நிரல்) அந்த வேலையைச் செய்கிறது. பத்து நிமிடம். அதோடு மடிக்கணினிச் சில்லுக்கு வேலை முடிந்தது.

மென்பொருள் சில்லுக்கு வருவோம். க்யூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளோடு எஸ்.டபிள்யூ.டி.பி.எம் என்ற நிரலை இணைத்தால், உள்ளே ஓடும் லினக்ஸுக்கு அசல் டி.பி.எம் இருப்பதாகவே தெரியும். ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். விடுதியில் இணையம் இல்லாவிட்டாலும் பயிற்சி நடக்கும். இங்கே எதை உடைத்தாலும் பயமில்லை. தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சில்லு தன்னைப் பூட்டிக்கொள்ளும். அசல் சில்லில் காத்துக் கிடக்க வேண்டும், இங்கே ஒரு கோப்புறையை அழித்தால் புதுச் சில்லு பிறந்துவிடும்.

ஒரு பயிற்சியை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு ரகசிய வரியைத் தட்டச்சு செய்து, 12-ஆம் பி.சி.ஆரின் அப்போதைய மதிப்புக்கு முத்திரையிட வேண்டும், அதாவது அந்த மதிப்பு மாறாதவரை மட்டும் சில்லு திறக்கும்படி பூட்ட வேண்டும். ஒரு மாணவர் தன் வீட்டு முகவரியைத் தமிழில் முழுதாக எழுதினார், சில்லு மறுத்துவிட்டது. ஆங்கிலத்தில் அதைவிட நீளமாக எழுதிய பக்கத்து மேசைக்காரருக்கு ஏற்றுக்கொண்டது. மொத்த அறையும் அவர் திரையைச் சுற்றி நின்றது. காரணம், இப்படி முத்திரையிடும் தகவலுக்கு எல்லை 128 பைட்டு. யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. "கி" என்பதே "க"வும் கொக்கியுமாக ஆறு பைட்டு. 42 குறிகளுக்கு மேல் தமிழ் உள்ளே போகாது. சில்லு கோப்புகளை வைக்கும் பெட்டி இல்லை, கோப்பைப் பூட்டிய சாவியை மட்டும் வைக்கும் இடம் என்பதை நான் ஒரு மணி நேரம் பேசியும் புரியவைக்க முடியாமல் இருந்தேன். அந்த முகவரி ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிட்டது. பிறகு ஒரே ஓர் எழுத்தை 12-ஆம் பி.சி.ஆரில் பதித்துவிட்டு முத்திரையை உடைக்கச் சொல்கிறேன். 64 இலக்க மதிப்பு அடியோடு மாறியிருக்கும், சில்லு திறக்காது. எழுதியவரே கேட்டாலும் திறக்காது.

அசல் சில்லைவிட மென்பொருள் சில்லு மேலாக இருக்கும் இடம் ஒன்று உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மெய்நிகர் கணினியை எழுப்பும் யூ.இ.எஃப்.ஐ என்ற ஃபர்ம்வேர், எழும்போதே 0 முதல் 7 வரையுள்ள பி.சி.ஆர்களை நிரப்பிவிடுகிறது. லினக்ஸை ஏற்றும் கிரப் என்ற நிரலின் பட்டியலில் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) வரியோடு ஒரு சொல்லைச் சேர்த்து எழுப்பினால் 8-ஆம் பி.சி.ஆர் மாறியிருப்பதைக் கண்ணால் காணலாம். ராஸ்பெரி பையிலோ, எழும் நேரத்தில் சில்லிடம் எதையும் யாரும் பதிவதில்லை. 0 முதல் 7 வரை பூஜ்ஜியங்களாக வரிசைகட்டி நிற்கும். அசல் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு, பாடத்தின் உயிர்நாடியான துவக்கச் சங்கிலியைக் காட்ட முடியாமல் நின்றிருக்கிறேன்.

அப்படியானால் அசல் சில்லு எதற்கு? ஒரு மாணவரின் மென்பொருள் சில்லுக் கோப்புறையை இன்னொருவர் தன் கணினிக்குப் பிரதி எடுக்கச் சொல்கிறேன். இரண்டு கணினிகளிலும் ஒரே சில்லு, ஒரே சாவிகள். முத்திரையிட்ட வரி அங்கேயும் திறக்கிறது. இத்தனை வாரம் கட்டிய கட்டடம் ஒரே பிரதியில் சரிவதை அவர்களே பார்க்கிறார்கள். இந்த இடத்துக்கு வராமல் மென்பொருள் சில்லோடு பாடத்தை முடிப்பது பாதிக் கிணறு தாண்டுவது.

அடுத்த சனிக்கிழமை இன்ஃபினியான் எஸ்.எல்.பி 9670 பதித்த பலகைகள் மேசைக்கு வரும். சில்லு ஐந்து மில்லிமீட்டர் சதுரம், ஏறக்குறைய ஓர் உளுந்தின் அளவு. ஆர்.எஸ்.ஏ என்ற மறையாக்க முறைக்கான சாவி ஒன்றை உருவாக்கச் சொன்னால் மென்பொருளில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்த வேலை, இங்கே பல நொடிகள் இழுக்கும். மாணவர்கள் அந்தக் காத்திருப்பிலேயே இது வேறு பொருள் என்று உணர்ந்துவிடுகிறார்கள். தயாரிப்பாளர் கையொப்பமிட்ட சான்றிதழ் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தயாரிப்பாளரின் மூலச் சான்றிதழ்வரை சரிபார்க்கிறோம். மென்பொருள் சில்லின் சான்றிதழில் கையொப்பமிட்டது யார் என்று பார்த்தால், மாணவரின் சொந்தக் கணினி.

பலகையும் ராஸ்பெரி பையுமாகச் சேர்ந்தால் செலவு அதிகம். ஆனால் அசல் சில்லில் மட்டுமே முடிகிற ஒரு சோதனைக்காகவே அதைத் தாங்கிக்கொள்கிறேன். சில்லுக்கும் ராஸ்பெரி பைக்கும் நடுவே தகவலைக் கடத்தும் எஸ்.பி.ஐ கம்பிகளில், ஓடும் தகவலைப் பதிவுசெய்யும் லாஜிக் அனலைசர் என்ற கருவியைக் கவ்வவிட்டு, கடிகார வேகத்தைக் குறைத்து, முத்திரையை உடைக்கச் சொல்கிறோம். ரகசிய வரி பச்சையாகக் கம்பியில் ஓடுவதைப் பக்கத்து மேசைக்காரர் எழுத்தெழுத்தாகப் படித்துவிடுகிறார். 2024-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், பத்து டாலருக்கும் குறைந்த செலவில் செய்த பலகையால், தனிச் சில்லு வைத்த பழைய மடிக்கணினி ஒன்றின் வட்டுச் சாவியை 43 நொடியில் இப்படித்தான் எடுத்துக் காட்டினார். பிறகு சில்லோடு பேசுவதை மறையாக்கும்படி செய்து அதே கட்டளையைக் கொடுக்கிறோம். கம்பியில் இப்போது ஓடுவதைப் படிக்க முடிவதில்லை.

செயலிக்குள்ளேயே தனிப் பாதுகாப்பு அறை தரும் இன்டெலின் எஸ்.ஜி.எக்ஸ், ஏ.ஆர்.எம்-இன் டிரஸ்ட்ஸோன் ஆகியவற்றையும் சேர்க்கச் சொல்லிக் கல்லூரிகள் கேட்கின்றன. மாணவர் வாங்கும் இன்டெல் கணினிகளில் 11-ஆம் தலைமுறையிலிருந்தே எஸ்.ஜி.எக்ஸ் இல்லை, ஒரு மணி நேர அறிமுகம் போதும். டிரஸ்ட்ஸோனுக்கு ஆப்-டீ என்ற திறமூல அமைப்பு க்யூஎமுவிலேயே ஓடும், ஆனால் அது தனியாக ஒரு பாடம் அளவுக்குப் பெரியது.

ஐந்து நாள் தொடர் பயிற்சியா, வாரம் ஒரு நாளா என்பதில் எனக்குத் தயக்கமில்லை. தொடர் பயிற்சியில் மூன்றாம் நாளே முகங்கள் வாடிவிடுகின்றன. முத்திரை உடையாமல் போன காரணத்தைத் தனியே உட்கார்ந்து தேட ஒரு வாரம் இடைவெளி வேண்டும். எந்த மாதங்கள் என்பதை மழையும் வயலும் தீர்மானிக்கின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நாகப்பட்டினம், திருவாரூர் பக்கமிருந்து வருகிறவர்களை மழை நிறுத்திவிடும். பொங்கல் கழிந்தால் சம்பா அறுவடை. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் இறக்கிவிட்டு மூட்டைக்குக் காவல் இருக்கும் பையனை வகுப்புக்கு வரச் சொல்ல எனக்கு மனம் வராது. குறுவை நடவு முடிந்த ஜூலையில் தொடங்கினால் செப்டம்பர் நடுவில் பத்துச் சனிக்கிழமைகளும் கிடைத்துவிடுகின்றன. எட்டு மென்பொருள் சில்லுக்கு, இரண்டு அசலுக்கு. கையில் ஆறு பலகைகள் இருக்கின்றன, ஒன்றுக்கு மூன்று பேர் வீதம் பதினெட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.