தொழில் சட்டம் மாறும்போது: வர்த்தமானியா, மென்பொருளா, கணக்கு ஐயாவா?

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் எங்களுக்கு ஒரு புடவைக்கடை இருக்கிறது. நிரந்தரமாக 12 பேர் வேலை செய்கிறார்கள். சட்டம் மாறும்போது பின்தங்கிவிடாமல் இருக்க மூன்று வழிகளைப் பார்த்துவிட்டேன்: அரசாங்கம் சட்டங்களை வெளியிடும் வர்த்தமானியை நானே வாசித்தேன், பிறகு கொழும்பில் இருந்து மாதச் சந்தாவுக்கு ஒரு சம்பள மென்பொருள் எடுத்தேன். இப்போது மாதம் இரண்டு தடவை கடைக்கு வரும் கணக்கு ஐயாவிடம் வந்து நிற்கிறேன். அவர் பக்கம்தான் நான் சாய்வேன்.

வர்த்தமானி வழியில் செலவில்லை, தமிழிலும் வருகிறது. ஆனால் திருத்தச் சட்டம் என்றால் 'இந்தப் பிரிவில் இந்தச் சொல்லுக்குப் பதிலாக இந்தச் சொல்' என்றுதான் இருக்கும். பழைய சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு அது என்னால் முடியவில்லை.

மென்பொருள் கணக்கில் பிழை விடாது. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) தொழிலாளியிடம் 8 வீதம், எங்களிடம் 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) நாங்கள் இன்னும் 3 வீதம், மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. எல்லாம் தானாக வந்துவிடும். அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் காசு கட்ட வேண்டும் என்று நினைவூட்டலும் வரும். அது பெரிய உதவி. பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கும் தண்டம், ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம் வரை போகும்.

ஆனால் 2025 இல் நடந்ததைப் பாருங்கள். ஆகக்குறைந்த சம்பளம் ஏப்ரல் முதல் 27,000 ரூபா என்று பெப்ரவரி 17 வரவு செலவுத் திட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியதோ யூலையில். நடைமுறைக்கு வரும் திகதி மட்டும் அதே ஏப்ரல் 1. மென்பொருளோ, சட்டம் வரும்வரை பழைய தொகையிலேயே நின்றது, நானும் அதை நம்பி இருந்துவிட்டேன். 24,000 வாங்கிய இரண்டு பிள்ளைகளுக்கு நான்கு மாத நிலுவை தலைக்கு 12,000. அதன்மேல் எங்கள் பங்கு 15 வீதம், 1,800. தொகை பெரிதில்லை. ஆனால் அந்த நான்கு மாதமும் அந்தப் பிள்ளைகள் குறைந்த சம்பளத்தில் வீட்டுக்குப் போனார்கள் என்பது மனதைக் குடைந்தது.

அந்த ஓகஸ்டுக்குப் பிறகுதான் ஐயா வந்தார். முதல் நாள் சம்பளப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "திருவிழா நேரம் கடையில எத்தனை பேர் நிண்டவை?" என்று கேட்டார். நல்லூர்க் கொடியேற்றத்தில் இருந்து தீர்த்தம் வரை நாங்கள் நான்கு பேரைத் தற்காலிகமாக எடுப்போம். ஆக 16 பேர். "அப்ப உங்களுக்குப் பணிக்கொடை இருக்கு" என்றார். வேலையை விட்டுப் போகிறவருக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய காசு அது.

எனக்கு இதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்த விசயம், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஒருவர் விலகுவதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 15 பேர் வேலையில் இருந்திருந்தாலே போதும். ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதுவும் 30 நாளுக்குள். ஆனால் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையால் நிறுத்த முன் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ எடுக்கச் சொல்லும் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் முந்திய ஆறு மாதத்தின் சராசரியைப் பார்க்கிறது. ஒரே 15 தான், எண்ணுகிற விதம் வேறு. இரண்டாவதில் நாங்கள் இல்லை, முதலாவதில் இருக்கிறோம். மென்பொருளில் தொழிலாளர் தொகை என்ற கட்டத்தில் 12 என்று போட்டு வைத்திருந்தோம், பணிக்கொடைப் பக்கம் பூச்சியமாகவே கிடந்தது.

அந்த மார்கழியில் 11 வருடம் எங்களோடு நின்ற அக்கா ஒருவர் விலகினார். சம்பளம் 34,000. அரை மாதம் 17,000, பதினொரு வருடத்துக்கு 1,87,000 ரூபா. ஐயா கேட்டிராவிட்டால் ஒரு சேலையும் நன்றியும் கொடுத்து அனுப்பியிருப்போம். அவருக்குச் சேர வேண்டிய காசு அது.

மத்தியானச் சாப்பாட்டுக் கதையும் அப்படித்தான். பெடியளுக்குக் கடையில் சோறு கொடுக்கிறோம். அதன் பெறுமதியும் சேமலாப நிதிக் கணக்கில் சேர வேண்டிய வருமானம் என்று ஐயா சொன்னார். மென்பொருளில் அதற்கு இடம் இருந்தது, நிரப்பச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

செலவு? சந்தா மாதம் 6,500, ஐயாவுக்கு 10,000. வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 2026 ஜனவரியில் 30,000 ஆனபோது மார்கழி நடுவிலேயே வந்து சம்பளத்தைத் திருத்திவிட்டுப் போனார்.

ஐயாவிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. ஒரு கிழமை காய்ச்சலில் படுத்தாரென்றால் வேலை நின்றுவிடும். அதனால் சேமலாப நிதிக்கு மாதாமாதம் அனுப்பும் சி படிவத்தின் பிரதிகளையும் வரவுப் பதிவேட்டையும் எங்கள் அலுமாரியிலேயே வைத்திருக்கிறேன். மென்பொருளை நான் பாவித்தது ஒரு வருடம்தான், அதுவும் ஒரே கடைக்கு. இரண்டு மூன்று கிளை, ஐம்பது பேர் என்று வைத்திருப்பவர்களுக்கு அது இல்லாமல் சமாளிக்க ஏலாது என்றுதான் நினைக்கிறேன். அப்படியானவர்களும் கொடியேற்றத்துக்கு ஆள் எடுக்கும் கிழமையில் ஒரு தடவையாவது விசயம் தெரிந்த ஒருவரைக் கடைக்குக் கூப்பிட்டு, நிற்கிற தலைகளை எண்ணச் சொல்லுங்கள்.