நாலாவது கதவு: நான்கு வருடம், 58,000 கிலோமீட்டர்

சின்னக் கார்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த வாரமே புனலூரிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். “அத்தான், நீங்க வச்சிருக்கிற அதே வண்டி எடுக்கலாம்னு பாக்கேன். கொள்ளாமோ?” அந்தப் பக்கமே பிறந்து வளர்ந்தவன், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். “வேண்டாம்” என்றேன். போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: “வண்டி நல்லாத்தானே ஓடுது, அவன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?”

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், சாம்பல் நிறம், டிஎன் 76. செங்கோட்டையிலிருந்து புனலூர் மாமியார் வீட்டுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர், மாதம் மூன்று நான்கு முறை போய்வருவோம். புளியரை எஸ் வளைவில் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால், ஏசியோடு, ஐந்து பேரோடு, இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போதும் ஒருநாள்கூட மூச்சு வாங்கியதில்லை. டயர் 46,000-ல் மாற்றினேன். பேட்டரி ஒருமுறை, முன் பிரேக் பேட் ஒருமுறை. கிளட்ச் இன்னும் வண்டியோடு வந்ததுதான். ஏற்றமும் இறக்கமுமாக லிட்டருக்கு 16, 17 கொடுக்கிறது. கம்பெனிப் பெயரை எழுதாததற்குக் காரணம், என் சண்டை வண்டியைச் செய்தவர்களோடு இல்லை.

சண்டை இடது பின்கதவோடு.

எடுத்த நாளிலிருந்தே மற்ற மூன்று கதவும் ‘தொப்’ என்று மூடும், இது மட்டும் ‘டங்’. வேகம் 70-ஐத் தாண்டினால் அதன் மேல்மூலையில் ஒரு விசில் கிளம்பும். பக்கத்து வீட்டுக் குக்கர் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சன்னமாக. மனைவிக்குக் கேட்காது. பின்சீட்டில் உட்காரும் மாமியாருக்குக் கேட்கும், ஆனால் மருமகன் வாங்கிய வண்டி என்று அவர் வாய் திறக்கமாட்டார். முதல் சர்வீஸில் சொன்னேன். “ரப்பர் புதுசு சார், செட் ஆயிரும்.” இரண்டாவதில் கதவைத் திறந்து கிரீஸ் தடவினார்கள். மூன்றாவதில் ரப்பர் பீடிங்கையே காசு வாங்காமல் மாற்றித் தந்தார்கள். விசில் போகவில்லை. பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துப் பழகிக்கொண்டேன்.

போன ஜூலையில், சாரல் நேரம், ஆரியங்காவில் நிறுத்தியிருந்தபோது ஓர் ஆட்டோ பின்னால் எடுக்கையில் அதே கதவை ஒரு சாண் நீளத்துக்குக் கீறிவிட்டது. வேறு கதவு கிடைக்கவில்லை அவருக்கு. இன்சூரன்ஸுக்குப் போனால் நோ கிளைம் போனஸ் போகும் என்று கணக்குப் போட்டு, ஊரிலேயே தெரிந்த டிங்கர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் எமரித் தாளை வைத்து நாலு தேய் தேய்த்தார். சாம்பல் போனது. அடியில் இன்னொரு சாம்பல், கொஞ்சம் வெளிறியது. அதற்கும் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளையில் பட்டி, நெளிவை நிரப்பப் பூசுவார்களே, அது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இதை எங்க இடிச்சிய?”

“இடிக்கவே இல்லையே. புதுசா எடுத்த வண்டி.”

குடிக்கவே மாட்டேன் என்று சொல்லும் நோயாளியை டாக்டர் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. அப்புறம் கதவைத் திறந்து கீலில் இருக்கும் போல்ட்டுகளைக் காட்டினார். மற்ற மூன்று கதவிலும் போல்ட் தலைமேல் பெயிண்ட் ஒரே தோலாக மூடியிருந்தது. இதில் ஆறு முனையிலும் ஸ்பானர் பட்டுப் பெயிண்ட் உரிந்து, கீழ்ப் போல்ட்டில் துருவே ஏறியிருந்தது. பீடிங்கைக் கொஞ்சம் விலக்கி என் விரலை உள்ளே வைத்துத் தடவச் சொன்னார். நகத்தில் ஒரு வரம்பு தட்டியது. பெயிண்ட் அடிக்கும்போது ஒட்டிய டேப்பின் ஓரம் அது. நாலு வருடமாக அதன்மேல்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய கார் வியாபாரம் பார்க்கும் அவருடைய நண்பரிடம் பெயிண்ட்டின் தடிமன் அளக்கும் கருவி இருந்தது. மற்ற கதவுகளில் 105, 112, 98 மைக்ரான். இந்தக் கதவில் தேய்க்காத பக்கம் 430, கைப்பிடிக்குக் கீழே ஓரிடத்தில் 900-ஐத் தாண்டியது. “ஆனா பார்த்தவன் கை சுத்தமான கை” என்றார் பட்டறைக்காரர். “நாலு மழைக்கு ஒரு கொப்பளம் வரலியே.” எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாராட்டு எதற்கு?

ஆக, என் கைக்கு வருமுன்பே இடிபட்டு, பட்டி பூசி, மறுபடி பெயிண்ட் அடித்த கதவு இது. இப்போது 2021-க்குப் போக வேண்டும். சிப் தட்டுப்பாடு என்று எல்லா ஷோரூமிலும் காத்திருக்கச் சொன்ன வருடம். ஜூலையில் பணம் கட்டி, ஆடியில் எடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லி, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் “வண்டி வந்துட்டு சார்” என்று போன். பார்த்தது இரவு ஏழரை மணிக்கு, ட்யூப்லைட் வெளிச்சத்தில், கழுவித் துடைத்து ஈரத்தோடு நின்ற வண்டியை. பானெட்டைத் திறந்து இன்ஜினை உற்றுப் பார்த்தேன், ஏதோ தெரிந்தவன்போல. கிலோமீட்டர் 74 காட்டியது. திருநெல்வேலி யார்டிலிருந்து ஓட்டிவந்தது என்றார்கள், கணக்கு சரிதான். இதைவிட்டால் அடுத்தது இரண்டு மாதம் ஆகும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன். ரிப்பன், கேக், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், போட்டோ.

அன்றைக்கே டயரைப் பார்த்திருந்தால் போதும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். வண்டியோடு வந்த டயர்களில் 1421, அதாவது 2021 ஏப்ரல். ஆர்சி புத்தகத்தில் தயாரிப்பு மாதம் மே. மே, ஜூனில் ஊரடங்கு, ஷோரூம் பூட்டிக் கிடந்தது, அந்த நாட்களைக் கழித்துவிடுகிறேன். மிச்சம்? ஊரே வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் இந்த ஒரு வண்டிக்கு மட்டும் ஆள் கிடைக்காமல் போனதா? யாரோ பகலில் வந்து பார்த்து வேண்டாம் என்று போயிருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் அந்த ஆளை எனக்கு நேரில் பார்க்க ஆசை.

ஷோரூமுக்குப் போனேன். விற்ற பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், மேனேஜரும் புதியவர். பழைய பைலைப் பொறுமையாகத் தேடி எடுத்து, ‘பாடி, பெயிண்ட்: ஓகே’ என்ற வரிக்கு நேராக என் கையெழுத்தைக் காட்டினார். அழகான கையெழுத்து. பிறகு கொஞ்சம் யோசித்து, இலவசமாக டெஃப்லான் கோட்டிங் அடித்துத் தருகிறோம் என்றார். பட்டிக்கு மேலேயா? வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகாருக்கு இரண்டு வருடக் கெடு, தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி மனுப் போட்டுப் பார்க்கலாம் என்றார். ஒரு கதவுக்காகத் தேதி தேதியாக அலைய எனக்குத் தெம்பில்லை.

இதில் எனக்கு எரிச்சல், அதே ஷோரூமின் சர்வீஸ் பிரிவு நல்ல பிரிவு என்பது. நாலு வருடத்தில் தேவையில்லாத ஒரு பொருளை என் தலையில் கட்டியதில்லை. கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்துப் பக்கம் ராத்திரி பேட்டரி படுத்தபோது, மாநில எல்லை அது இது என்று சொல்லாமல் ஆள் அனுப்பினார்கள். இவர்களைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

மச்சினனுக்கு மறுநாள் நானே கூப்பிட்டு நீளமாகச் சொன்னேன். உன் பெயருக்குப் பதிவாவதற்கு முன்னால் வண்டியைப் பார், பதிவானபின் பார்ப்பது திருஷ்டி கழிக்கத்தான் உதவும். பில்லில் இருக்கும் சேசிஸ் எண்ணை வண்டியில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒத்துப்பார். பகலில், வெளியே நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு பக்கமும் சாய்வாக நின்று பார். நாலு கதவையும் சாத்திக் காதால் கேள். கீல் போல்ட்டைப் பார்க்கும்போது நாலையும் ஒப்பிட்டுப் பார். சில ஆலைகளில் பெயிண்ட் அடித்தபிறகு கதவைக் கழற்றி மாட்டுவது உண்டு, அப்படியானால் நாலிலும் ஒரே மாதிரி தடம் இருக்கும். ஒன்றில் மட்டும் இருந்தால் எழுந்து வந்துவிடு. முகூர்த்தம் போனால் போகட்டும்.

“அப்போ வண்டி எடுக்கலாமா, வேண்டாமா அத்தான்?”

“வேண்டாம்.”

பட்டறைக்காரர் கதவைக் கழற்றிச் சரியாகத் தூக்கி மாட்டிக் கொடுத்தார். இப்போது விசில் இல்லை, நாலு கதவும் ‘தொப்’. கூலியும் பெயிண்ட்டுமாக 6,500 ரூபாய். தென்மலை இறக்கத்தில் மாமியார் முதல்முறையாக, “வண்டி இப்போ அமைதியா இருக்கு மாப்பிள்ளை” என்றார். நாலு வருடமும் அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மச்சினன் என் பேச்சைக் கேட்கவில்லை, அதே வண்டிக்குப் பணம் கட்டிவிட்டான். நேற்று ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரிசையாக எட்டுப் படம் அனுப்பினான், எல்லாம் கீல் போல்ட். ஆறாவது படத்தில் ஓரமாக ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. காலையில் வெயிலில் நிறுத்திப் பார், அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே என்று எழுதினேன்.

“வெயிலா? இங்கே மூணு நாளா மழை அத்தான்” என்று பதில் வந்தது.