ரேடாரா, செயலியா, கண்ணா: ராமநாதபுரம் கடலோரத்தில் ஐப்பசி முதல் தை வரை எதை நம்புவது?

கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே வேண்டாம். மீனவர் எச்சரிக்கையும் பாம்பன் துறைமுகத்தில் ஏறும் புயல் கூண்டும் என்ன சொல்கின்றனவோ அதுதான். குழப்பம் கரையில் இருப்பவர்களுக்கு. பரப்பிய கருவாட்டை இன்னும் இரண்டு மணி நேரம் வெயிலில் விடலாமா, களத்து நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டுமா என்ற கேள்விக்கு என் தேர்வு, எங்கே மழை பெய்கிறது என்று காட்டும் காரைக்கால் வானிலை ரேடார் படம். ஆனால் எந்த மேகத்துக்கு அதை நம்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வானிலை மையத்தின் அறிக்கை நாளைய திட்டத்துக்கு உதவும், இன்றைய பிற்பகலுக்கு உதவாது. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதி மழைமானிகளில் கால்வாசி வரை நனையலாம். ‘அநேக இடங்களில்’ என்றால் பாதிக்கு மேல். அந்தக் கால்வாசி தொண்டியா கமுதியா என்று அதில் இருக்காது. ‘கனமழை’ என்பது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ-இல் தொடங்குகிறது. அது நாள் முழுக்கச் சிணுங்கியும் பெய்யலாம், ஒன்றரை மணி நேரத்தில் கொட்டியும் தீர்க்கலாம்.

கைபேசி வானிலைச் செயலிகள் பலவும் உலகளாவிய கணினி மாதிரிகளிலிருந்து எண்ணை எடுக்கின்றன. நல்ல பெயர் உள்ள ஐரோப்பிய மாதிரியின் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ-க்கு 9 கி.மீ, அதாவது 81 சதுர கி.மீ. பாம்பன் தீவின் மொத்தப் பரப்பே 67 சதுர கி.மீ-தான். அதனால் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்னொன்று, காலை 6 மணிக்குத் திறந்தால் வருவது முந்தைய மாலையோ இரவோ எடுத்த அளவீடுகளை வைத்துப் போட்ட கணக்கு. காற்றழுத்தத் தாழ்வு பக்கத்தில் நின்று, வானம் முழுக்கச் சாம்பல் நிறக் கார்படை மேகம் மூடி, மணிக்கணக்கில் சீராகப் பெய்யும் நாட்களில் செயலி நன்றாகவே சொல்லும். தனித்தனியாக எழும் கார்திரள் (இடிமழை) மேகங்களில்தான் அது தடுமாறும்.

ரேடார் படத்தைப் பார்க்கும்போது முதலில் நேரத்தைப் பாருங்கள். யுடிசி (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அரை மணி இடைவெளியில் இரண்டு படங்களை ஒப்பிட்டு, மழைப் பட்டையின் முன் விளிம்பு 15 கி.மீ நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 30 கி.மீ. இன்னும் 60 கி.மீ இருந்தால் இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது. மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலுவைக் காட்டும் டிபிஇசட் (dBZ) அளவில் 45-ஐத் தாண்டிய நிறம் பெருமழை. விளிம்பு நகராமல், காற்று வரும் பக்கத்தில் புதுப் புள்ளிகள் முளைத்துக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஒரே இடத்தில் கொட்டப் போகிறது என்று பொருள். 2024 நவம்பர் 20 அன்று பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 செ.மீ கொட்டியது, ராமேஸ்வரத்தில் பத்து மணி நேரத்தில் 41 செ.மீ. அந்த மாதிரி நாளில் 24 மணி நேர மொத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம்: உயரம். காரைக்காலிலிருந்து ராமேஸ்வரம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 190 கி.மீ. ரேடாரின் கீழ்க் கதிரே அரை டிகிரி மேல் நோக்கித்தான் போகும். பூமியும் வளைந்து கீழே இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து, ராமேஸ்வரத்துக்கு மேலே கதிரின் மையம் நான்கு கி.மீ உயரத்தை ஒட்டி இருக்கும். 12 கி.மீ, 14 கி.மீ என்று எழும் கார்திரள் அதில் தப்பாது. படத்தின் மேல் ஓரத்திலும் வலது ஓரத்திலும் உள்ள பட்டைகளில் அதன் உயரத்தையே படிக்கலாம். மார்கழி, தையில் வாடை அடிக்கும்போது கடலிலிருந்து வரும் குட்டைத் திரள் மேகங்கள் அப்படியல்ல. உச்சியே இரண்டரை, மூன்று கி.மீ-தான். பனித்துகள் இல்லாமலே, துளியும் துளியும் மோதிச் சேர்ந்து அவை மழையாகும். கதிரின் கீழ் விளிம்பு கொஞ்சம் உரசினாலும் படத்தில் மங்கலான நீலம்தான் வரும், பல நேரம் அதுவும் வராது. பெய்வது பத்து நிமிடம், ஒன்றிரண்டு மி.மீ. பாதி காய்ந்த கருவாட்டில் பூஞ்சை பிடிக்க அது போதும்.

இந்தக் குட்டை மழைக்குக் கண்தான் வழி. பாக் நீரிணைப் பக்கம், வடகிழக்கே பாருங்கள். மேகத்தின் அடி கறுத்து, அதற்குக் கீழே அடிவானக் கோடு மங்கினால் அங்கே பெய்துகொண்டிருக்கிறது. அடி கறுத்திருந்தும் கோடு தெளிவாகத் தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை. உச்சி பூக்கோசு போலக் கூர்மையாகப் புடைத்துக்கொண்டிருந்தால் வளர்கிறது. நார் நாராகக் கலைந்தால் அங்கே பனித்துகள் உருவாகிவிட்டது, அது குட்டை மேகம் இல்லை, ரேடாரைத் திறக்க வேண்டிய நேரம். வாடை சட்டென்று குளிர்ந்து வேகமெடுத்தால் படம் பார்க்க நேரமில்லை. தார்ப்பாயை இழுங்கள்.

மேற்கே போகப் போக ரேடாரின் மதிப்பும் குறைகிறது. சாயல்குடி ஏறக்குறைய 245 கி.மீ தூரம், அங்கே கதிர் ஐந்தரை கி.மீ-க்கு மேல். அந்தப் பக்கத்தவர்கள் இன்சாட் செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மேகம் குளிர்ந்திருந்தால் வெள்ளையாகக் காட்டும் அகச்சிவப்புப் படத்தில், உயரத்தில் மெல்லிசாகப் பரவிய கீற்று மேகமும் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்து பயமுறுத்தும். அதே நேரத்தில் சூரிய வெளிச்சத்தில் எடுத்த ஒளிப் படத்திலும் அந்த இடம் கெட்டியான வெள்ளையாக இருந்தால் மட்டுமே அது மழை மேகம். இந்தச் சோதனை பகலில்தான் நடக்கும். இரவில் ஒளிப் படம் கிடையாது.