ஸ்பீட் டெஸ்டை மட்டும் காட்டி ரவுட்டர் விற்க வந்தால் பணத்தை எடுக்காதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்காரும்போது இங்கே இரவு ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் சில மாதங்களாக வகுப்பு நடத்தவே முடியவில்லை. என் குரல் அறுந்து அறுந்து போகிறது என்று பெற்றோர் சொன்னார்கள். நான் ஒரு வரி பாடி நிறுத்தினால், பிள்ளை அதைத் திருப்பிப் பாடுவது நான் அடுத்த வரியைத் தொடங்கிய பிறகுதான் வந்து சேரும். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

பம்பலப்பிட்டிப் பக்கம் கணினிக் கடை வைத்திருக்கும் ஒருவரை அழைத்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. காலை பதினொரு மணிக்கு வந்தார். மகன் வேலைக்குப் போயிருந்தான், வீட்டில் நான் மட்டும்தான். ஸ்பீட் டெஸ்ட் போட்டார். டவுன்லோட் 48 மெகாபிட், அப்லோட் 8. “லைன் சுப்பர் மிஸ், உங்கட ரவுட்டர்தான் பழசு” என்றார். அந்தத் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். மறுநாள் ஒரு கேமிங் ரவுட்டர் வந்தது. பூட்டும் கூலியோடு 46,500 ரூபா. சரிவராவிட்டால் ஒரு கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்று வாயால் சொன்னார்.

அன்றிரவும் அதே கதைதான். திரும்பக் கூப்பிட்டேன். “சுவர் மொத்தம் மிஸ், சிக்னல் வராது” என்று 14,000 ரூபாவுக்கு இன்னொரு பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டுப் போனார். அதுவும் உதவவில்லை. மூன்றாவது தடவை, இணைப்பையே பெரிய பக்கேஜுக்கு மாற்றச் சொன்னார். நல்ல வேளையாக, மாற்ற முதல் இணைப்பு நிறுவனத்துக்கு அழைத்துக் கேட்டேன். அந்தப் பக்கேஜில் கூடுவது டவுன்லோட் மட்டும்தான், அப்லோட் அப்படியே இருக்கும் என்றார்கள். ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பெட்டி உடைத்தாயிற்று, எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தங்கச்சியின் மகன் தெஹிவளையில் இருக்கிறான், கணினி படிக்கிறவன். ஒரு சனிக்கிழமை இரவு வந்தான். வந்ததும் ஸ்பீட் டெஸ்ட் போடவில்லை. என் லாப்டொப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்தான். கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து, கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு விடாமல் பிங் போக விட்டான். பிங் என்றால், ஒரு சிறு துணுக்கை அனுப்பி அது திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. 41, 43, 42 மில்லிசெக்கன் என்று அமைதியாக ஓடியது. பக்கத்தில் இன்னொரு திரையில் ரவுட்டருக்கே, அதாவது 192.168.1.1 க்கு, பிங் போட்டான். அது ஒன்று, இரண்டு என்று நின்றது.

“இப்ப தம்பியின்ர போனிலயிருந்து ஒரு பெரிய வீடியோவை ஏத்தச் சொல்லுங்கோ, பெரியம்மா.”

மகன் ஏற்றத் தொடங்கினான். நாலைந்து செக்கன்தான். 180, 460, 900, பிறகு 1,100 ஐத் தாண்டியது. ஒரு செக்கனுக்கு மேல்! அப்லோடை நிறுத்தியதும் திரும்ப 42. ரவுட்டருக்கு ஓடிய பிங் மட்டும் இந்த நேரம் முழுக்க அசையவில்லை. வயர்லெஸ்ஸோ சுவரோ காரணம் என்றால், கேபிளில் இருந்த லாப்டொப்பின் பிங் இப்படி ஏறியிருக்காது. வீட்டிலிருந்து வெளியே போகும் வாசலில்தான் அடைப்பு. டவுன்லோட் பண்ணியும் பார்த்தான், எண் 90 ஐத் தாண்டவில்லை.

அவன் விளக்கியதை எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன். 2022 தட்டுப்பாட்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோமே, நினைத்துப் பாருங்கள். பெற்றோல் இருந்தபோது பம்ப் வழமையான வேகத்தில்தான் ஓடியது. நம்மைக் கொன்றது வரிசையின் நீளம். ஸ்பீட் டெஸ்ட் சொல்லும் பெரிய எண் பம்ப்பின் வேகம். வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதை அது சொல்லாது. ரவுட்டருக்குள்ளும் மோடத்துக்குள்ளும் பஃபர் என்ற காத்திருப்பு இடம் இருக்கிறது. அப்லோட் நடக்கும்போது போன், துணுக்கு ஏதாவது தொலையும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பஃபர் பெரிதாக இருந்தால் ஒன்றும் தொலையாது, வரிசை மட்டும் நீளும். என் அப்லோட் 8 மெகாபிட். அது செக்கனுக்கு ஒரு மெகாபைட். வரிசையில் ஒரு மெகாபைட் நின்றால், அதன் பின்னால் வரும் என் குரல் ஒரு முழுச் செக்கன் நிற்கவேண்டும். குரலுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். லண்டன் வரையான தூரமே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ஏன் இரவில் மட்டும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. மகன் வேலை முடிந்து வந்து போனைச் சார்ஜில் போட்டதும், அன்று எடுத்த படங்களும் வீடியோக்களும் தானாக மேலே ஏறத் தொடங்கும். காலை பதினொரு மணிக்கு வந்து அளந்தவருக்கு இது எப்படித் தெரியும்?

தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆத்திரம். அவர் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் படத்தைத் திறந்து பார்த்தோம். பெரிய எண்களுக்கு அருகில் சின்ன எழுத்தில் மூன்று பிங் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது 41. டவுன்லோட் நடக்கும்போது 88. அப்லோட் நடக்கும்போது 1,060. டெஸ்ட்டே அப்லோட் பண்ணித்தானே அளக்கிறது! நோய் அவர் கையிலிருந்த திரையிலேயே எழுதியிருந்தது. அதைப் பார்க்காமல், அல்லது பார்த்தும் சொல்லாமல், எனக்கு 60,500 ரூபாவுக்குப் பெட்டிகள் விற்றார். இந்தக் காசு எத்தனை வகுப்புகளின் கூலி என்று எனக்குத் தெரியும்.

இது புது நோயும் இல்லையாம். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியியலாளர் 2010 இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். 2012 இல் கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும், துணுக்குகள் வரிசையில் நிற்கும் நேரத்தை அளந்து, அது தொடர்ந்து நீண்டால் சிலவற்றைக் கைவிட்டு அனுப்புபவரை நிதானிக்க வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கொடுக்கும் முறையும் சேர்ந்து, 2018 இல் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணமாக வந்தது.

தங்கச்சியின் மகன் செய்தது இவ்வளவுதான். அவன் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட்டு, அந்த வரிசை முறையை இயக்கி, அப்லோடை 7 க்கும் டவுன்லோடை 43 க்கும் மட்டுப்படுத்தினான். உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால்தான் வரிசை மோடத்துக்குள் போகாமல் நம் ரவுட்டருக்குள்ளேயே நிற்கும், அங்கே அதை ஒழுங்குபடுத்தலாம். மகன் வீடியோ ஏற்றிக்கொண்டிருக்க பிங் 50 ஐச் சுற்றி நின்றது. 46,500 ரூபா ரவுட்டரிலும் முன்னுரிமை என்று ஒரு பக்கம் இருந்தது. அதைப் போட்டும் பார்த்தான், பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

ஆகவே யாராவது வந்து ரவுட்டர் பழசு என்றால், முதலில் அப்லோட் நடக்கும்போது பிங் எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். ஃபாஸ்ட்.காம் தளத்தின் அமைப்புகளில் அப்லோட் நேரத் தாமதத்தையும் அளக்கும்படி வைத்துவிட்டு, மேலதிக விபரத்தை அழுத்தினால், சும்மா இருக்கும்போதும் சுமையோடும் உள்ள தாமதம் இரண்டும் வரும், போனிலேயே பார்க்கலாம். நீங்கள் அவதிப்படும் நேரத்தில் அளந்து பாருங்கள். சுமையில் மட்டும் எகிறினால் அது வரிசை. அதற்கு வழி தெரியும்வரை வகுப்பு நேரத்தில் போன்களின் பெக்கப்பை நிறுத்தி வையுங்கள், செலவே இல்லை. ஒன்றும் ஓடாதபோதே பிங் ஏறி இறங்கினால், அல்லது பதில் வராமல் போனால், அது வேறு கோளாறு, இணைப்பு நிறுவனத்தோடு கதைக்கவேண்டும். அவர்கள் அசையாவிட்டால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் இலக்கம் 1900.

கடைக்காரர்மீது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறேன். அவர்களுடைய இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும், எனக்குப் பதினொரு நாள்தான் மிச்சமிருந்தது. பற்றுச்சீட்டில் “ரவுட்டர் 1” என்று மட்டும் எழுதித் தந்திருந்தார், எந்த மொடல் என்றும் இல்லை, திருப்பிக் கொடுக்கும் வாக்கும் இல்லை. நீங்கள் வாங்கினால் இரண்டையும் எழுதி வாங்குங்கள். நான் அவர் அனுப்பிய அந்தப் படத்தை அச்செடுத்து, 1,060 ஐச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுக் கடிதத்தோடு இணைத்தேன்.