யூனிஃபோர்மா, ஃபிளெக்ஸிபிளா?

ஹட்டனில் நாங்கள் நடத்தும் ஒன்லைன் வகுப்புக்குப் பரீட்சைக் காலத்தில் ஒரு சேர்வர் போதாது. மைக்ரோசொஃப்டின் கிளவுட் சேவையான அஸூரில், ஸ்கேல் செட் என்ற தொகுப்பில் 1000 வீஎம் (வேர்ச்சுவல் மெஷின், அதாவது கிளவுட்டில் வாடகைக்கு எடுக்கும் சேர்வர்) வரை ஒரே சேவையாக மேய்க்கலாம். அதில் இரண்டு வகை.

யூனிஃபோர்மில் எல்லா வீஎம்மும் ஒரே அச்சு. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் கங்காணி ஒரே குரலில் எல்லாரையும் மலைக்கு அனுப்புவது மாதிரி. தனி வீஎம் ஒன்றை வழக்கமான கட்டளைகளால் தொட முடியாது.

ஃபிளெக்ஸிபிளில் அது முடியும். பல அளவு வீஎம்களைக் கலக்கலாம். சாதாரண வீஎம்களோடு, அஸூரில் மிஞ்சிய இடத்தில் ஓடும் மலிவான ஸ்பொட் வீஎம்களையும் சேர்க்கலாம், தோட்டத்தில் பதிவுக்காரரோடு அன்றாடக் கூலிக்குக் கைக்காசு ஆள் போடுவதுபோல. ஆனால் அஸூருக்கு இடம் தேவைப்பட்டால் ஸ்பொட்டை 30 விநாடி முன்னறிவிப்போடு பிடுங்கிவிடும். (எந்தத் துரையும் பாதிக் கொழுந்தில் ஆளை அப்படி விரட்டமாட்டார்!)

செட்டை உருவாக்கிய பிறகு வகையை மாற்ற முடியாது. நான் ஃபிளெக்ஸிபிளைத்தான் எடுத்தேன்.