வைன்லைட்டா, பிரெத்லெஸ்ஸா?

ஸ்மூத் ஜாஸ் என்ற மென்மையான ஜாஸ் வகையின் சாக்ஸபோன் இசைக்குள் நுழைய இந்த இரண்டு ஆல்பங்களைத்தான் பலரும் சொல்வார்கள். குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் 'வைன்லைட்' 1980இலும், கென்னி ஜியின் 'பிரெத்லெஸ்' 1992இலும் வந்தன.

வைன்லைட்டில் ஆறே பாடல்கள். சாக்ஸபோன் மட்டும் கேட்டால் பாதி ஆல்பம் நழுவிவிடும். முதல் முறை மார்கஸ் மில்லரின் பேஸ் கிட்டாரையும் ஸ்டீவ் கேடின் டிரம்ஸையும் மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை சாக்ஸபோனுக்கு வாருங்கள். குரோவர் எங்கே ஊதாமல் விடுகிறார் என்பது அப்போதுதான் புரியும், அழகே அந்த இடைவெளிகளில்தான். பில் விதர்ஸ் பாடும் 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' பாட்டை ஆல்பத்தில் உள்ளபடி ஏழு நிமிடமும் கேளுங்கள். தனிப் பாட்டாக வெளியிட்ட நான்கு நிமிட சிங்கிளில் வாத்தியங்கள் விரிவதற்கு இடமில்லை. போன் ஸ்பீக்கர் வேண்டாம்: பேஸ் கிட்டாரின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், அவ்வளவு தாழ்ந்த ஒலி அதில் கேட்கவே கேட்காது.

பிரெத்லெஸ்ஸில் சோப்ரானோ, அதாவது உச்சத்தில் ஒலிக்கும் சாக்ஸபோன் வகைதான் நாயகன். 'ஃபாரெவர் இன் லவ்' மெட்டு ஒரே கேட்பில் மனதில் ஒட்டும், கிராமி விருதும் வாங்கியது. நீண்ட சுரங்களை கென்னி ஜி இழைத்து வளைக்கும் நேர்த்தி உண்மையானது. ஆனால் பின்னணியில் சின்தசைசர் மெத்தை மாதிரி நிரம்பியிருப்பதால், பக்க வாத்தியக்காரர்களோடு உரையாடல் குறைவு. சின்ன இயர்போனில் சோப்ரானோ காதைக் குத்தினால், ஒலியைச் சரிசெய்யும் ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2–3 டெசிபல் குறையுங்கள்.

மெட்டுக்காக மட்டும் என்றால் பிரெத்லெஸ். பத்தாவது முறையும் புதிதாக ஏதாவது காதில் விழ வேண்டுமென்றால் வைன்லைட். எங்கள் ஓட்டும் அதற்கே.