திரையில் டாக்டரா, திண்ணையில் கருவியா?

அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. அவர் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார், நான் ஓசூரில். மாத்திரை தீர்ந்தால், திடீரென்று தலை சுற்றினால் யாரைப் பிடிப்பது? இந்த ஒரு கேள்விக்காக மூன்று வழிகளைப் பார்த்துவிட்டேன்.

முதலில் இ-சஞ்சீவனி. ஒன்றிய அரசின் இலவசத் தொலைமருத்துவச் சேவை. 2020 ஊரடங்கின்போதுதான் வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் பேசும் வசதி வந்தது. மொபைல் எண், ஓடிபி, டோக்கன், கொஞ்ச நேரம் காத்திருப்பு, அப்புறம் திரையில் டாக்டர். மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிடும். ஓசூரில் இருக்கும் எனக்கு இது சரி. அம்மாவோ ஓடிபி என்ற இடத்திலேயே போனைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டிவிடுவார். இதிலேயே இன்னொரு முறையும் உண்டு. சுகாதார நிலையத்தில் இருப்பவர் நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு வேறோர் ஊர் டாக்டருடன் பேசவைப்பார். பிரஷர் பார்க்கவாவது அங்கே ஓர் ஆள் இருப்பதால், என் ஓட்டு இதற்குத்தான்.

அடுத்தது தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அப்போது முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார். நம்ம பக்கத்தில் தொடங்கியது என்பதில் எனக்குச் சின்னப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது போன மாம்பழ சீசனில் புரிந்தது. திரையில் டாக்டர், "கட்டுப்பாடா சாப்பிடறீங்களாம்மா?" என்றார். "களிதாங்க சார், வேற எதையும் தொடறதில்லைங்க" என்றார் அம்மா. டாக்டர் தலையாட்டினார், பழைய மாத்திரையே தொடர்ந்தது. அடுத்த வாரம் தன்னார்வலர் வந்தபோது நான் போனில் இருந்தேன். "இந்த மாங்கொட்டை எல்லாம் யாருதுங்க ஆயா?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. "பேரன் வந்திருந்தான் கண்ணு." பேரன் என்னோடு ஓசூரில் பள்ளிக்கூடத்தில் இருந்தான். கருவி 268 காட்டியது. ஆயா அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாவது, தனியார் செயலிகள். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இரண்டு வாரம் வரை விடாமல் சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்பும். அது அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களைச் சுற்றியிருக்கும் திரவத்தை. அதனால் சர்க்கரை சட்டென்று ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கும். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டு இன்சுலினும் போடுகிறவருக்கு நல்ல துணை. மாத்திரையில் ஓடும் அம்மாவுக்கு அந்தச் செலவு வீண். செயலி ஒவ்வொரு முறையும் ஒரு டெஸ்ட் பேக்கேஜை நீட்டுவது தனி எரிச்சல்.

சரி, இந்த அளவுகளெல்லாம் எங்கே சேர்கின்றன? ஒன்றிய அரசு தரும் 14 இலக்கச் சுகாதார அடையாள எண்ணான ஆபா (ABHA) எடுத்தாயிற்று. அதை ரிப்போர்ட் நிறைந்த பெட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது முகவரி மாதிரி. பார்த்த மருத்துவமனை தன் பதிவை அந்த எண்ணோடு இணைக்க வேண்டும். அடுத்த மருத்துவமனை அதைப் பார்க்க நாம் சம்மதிக்க வேண்டும். முதல் வேலை நடக்காவிட்டால் எண் மட்டும்தான் மிஞ்சும். ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவைக் காட்டியபோது அதுதான் நடந்தது. பத்து நாளுக்கு முன் எடுத்த அதே பரிசோதனைகளைத் திரும்பவும் எடுக்கச் சொன்னார்கள். பழைய ரிப்போர்ட் இருந்த மஞ்சப்பை ஊரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, இப்போதைக்கு ஆபாவைவிட மஞ்சப்பைதான் முந்துகிறது. இரு பக்கமும் ஒழுங்காகப் பதிவேற்றும் நாளில் பை தோற்கும், தோற்கட்டும்.

வரப்போவதில் நான் அதிகம் எதிர்பார்ப்பது வீடியோ டாக்டரை அல்ல, விழித்திரையைப் படமெடுத்துக் கணினியே சர்க்கரைப் பாதிப்பைக் கண்டுபிடிப்பதை. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் இதுபற்றி வெளியிட்ட ஆய்வில், அரவிந்த் உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களைக் கொண்டும் கணினியைப் பழக்கியிருந்தார்கள். பார்வை மங்கும் முன்பே சிக்கலைப் பிடிக்க இது உதவும். அப்படியொரு கேமரா தன்னார்வலரின் பையில் ஏறினால், மேலே சொன்ன மூன்றில் எது முந்தும் என்று கேட்கவே வேண்டாம். அதுவரை வருடத்துக்கு ஒருமுறை அம்மாவைத் தருமபுரிக்குக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன், மஞ்சப்பையோடு.